பத்து கோல் வாங்கிய அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த வாத்தியார்

குட்டீஸ், பள்ளி விட்டதும் கால்பந்து ஆடக் கிளம்புகிறீர்கள். இரண்டு அணியாகப் பிரிந்ததும் முதல் சண்டை எதற்கு வரும்? யார் முன்னால் நிற்பது என்பதற்குத்தானே! கோல் அடிக்கும் இடம் எல்லோருக்கும் வேண்டும். புதிதாக வந்தவன், வயதில் சின்னவன், வேகமாக ஓட முடியாதவன் எல்லோரையும் பின்னால் கோல் பக்கம் தள்ளிவிடுவோம். நங்கநல்லூர் தெருவிலும் இதே கதைதான், திருநெல்வேலி மைதானத்திலும் இதே கதைதான்!

ஆனால், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் பெரிய அணிகள் அப்படிச் செய்வதில்லை. கோல் விழாமல் தடுப்பதை அவை தனி வித்தையாகவே நினைக்கின்றன. அதைச் சொல்லிக் கொடுக்கவே தனியாக ஓர் உதவிப் பயிற்சியாளரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைக்கும் அணிகளும் உண்டு. பின்களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், எதிரணி வீரனை எப்போது நெருங்க வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் பழக்குவது அவர் வேலை. நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், பெரியமேடு நேரு ஸ்டேடியம் பக்கம்தான். 2014-இல் தொடங்கிய சென்னையின் எஃப்.சி. அணி அங்கே ஆடியதைப் பார்த்தவர்கள், கோட்டுக்கு வெளியே பயிற்சியாளரின் பக்கத்தில் இப்படிப்பட்ட உதவியாளர்கள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எழுபது வருடங்களுக்கு முன்பு நம் நாட்டில் இப்படி ஆளுக்கொரு வேலை கிடையாது. முன்களம், நடுக்களம், பின்களம் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒருவரே சொல்லித் தர வேண்டும். அப்படி எல்லாப் பாரத்தையும் சுமந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். எல்லோரும் அவரை ரஹீம் சாகிப் என்றே அழைத்தார்கள்.

வகுப்பறையும் மைதானமும்

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கால்பந்தின் மேல் கொள்ளை ஆசை. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் அணிக்கு ஆடினார். பி.ஏ. பட்டம் வாங்கிய பிறகு ஆசிரியர் வேலைக்குப் போனார். ஹைதராபாத்தில் காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி உட்படப் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார்.

நல்ல ஆசிரியர் என்ன செய்வார்? கணக்கு நன்றாக வரும் பிள்ளைக்குக் கணக்கையே மறுபடி மறுபடி கொடுத்துக் கொண்டிருக்க மாட்டார். எது வரவில்லையோ, அதைத்தான் உட்கார வைத்துப் பழக்குவார். ரஹீம் இந்த வழக்கத்தை வகுப்பறையிலிருந்து அப்படியே மைதானத்துக்குக் கொண்டு வந்தார்.

பெரும்பாலான வீரர்களுக்கு வலது கால் நன்றாக வரும், இடது கால் சரியாக வராது. ஆகவே, வராத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்று ஒரு போட்டி வைத்தார்! சிலர் பந்தைத் தாங்களே வைத்துக்கொண்டு ஓடுவார்கள், பக்கத்தில் இருப்பவனுக்குத் தர மாட்டார்கள். அவர்களுக்காக, பந்தை ஒரு முறை தொட்டதும் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி! விளையாட்டாகத் தொடங்கிய இந்தப் போட்டிகள் வீரர்களின் குறைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தன.

ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு இந்த வாத்தியாரிடம் வந்தது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை அந்தக் காலத்தில் மிகப் பெரிய போட்டி. 1950 முதல் 1954 வரை, தொடர்ந்து ஐந்து வருடம் அந்தக் கோப்பையை ஹைதராபாத் போலீஸ் அணியே தூக்கிக்கொண்டு வந்தது!

திறமையைக் கண்டுபிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் துளசிதாஸ் பலராம் என்றொரு ஏழைப் பையன் இருந்தான். பயிற்சிக்கு ஹைதராபாத் வந்து போகக் கூட அவனிடம் காசு இல்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்து அவனை வரவழைத்தார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அந்தப் பலராம் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவரானார்.

பத்துக்கு ஒன்று!

1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. நாடே கொண்டாடியது.

அடுத்த வருடம், 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக். பின்லாந்து நாட்டுக் குளிர். எதிரணி யூகோஸ்லாவியா. நம் வீரர்களில் பலர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு இறங்கினார்கள். அதுவே அவர்களுக்குப் பழக்கம். ஆட்டம் முடிந்தபோது கணக்கு என்ன தெரியுமா? யூகோஸ்லாவியா 10, இந்தியா 1!

கால்கள் மட்டும் குறை இல்லை. நின்ற முறையிலும் குறை இருந்தது. அப்போது நம் அணிகள் பழைய முறைப்படி ஆடின. கோல்கீப்பருக்கு முன்னால் பின்களத்தில் இரண்டே பேர். அவர்களுக்கு முன்னால் மூன்று பேர், முன்களத்தில் ஐந்து பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரணியின் ஐந்து பேர் பாய்ந்து வந்தால் இரண்டு பேர் எந்தப் பக்கம் ஓடுவார்கள்? ஒருவனைத் தடுக்கப் போனால் இன்னொருவன் தனியாக நிற்பான். ஐரோப்பிய அணிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டு பின்களத்தில் ஆளைக் கூட்டிவிட்டன.

இப்படி ஒரு தோல்வி வந்தால் ஊர் என்ன பேசும்? பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒலிம்பிக் பற்றி என்ன தெரியும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ரஹீம் அந்தப் பத்து கோலையும் பத்துப் பாடமாக எடுத்துக்கொண்டார். இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸ் போடுவதைக் கட்டாயமாக்கியது. ரஹீம் உலக அணிகள் எப்படி ஆடுகின்றன என்று கூர்ந்து கவனித்தார். 1953-இல் ஹங்கேரி அணி, லண்டன் வெம்ப்ளி மைதானத்திலேயே இங்கிலாந்தை 6-3 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. ஹங்கேரியின் நடு முன்கள வீரர் முன்னால் நிற்காமல் கொஞ்சம் பின்வாங்கி நின்று பந்தைப் பிரித்துக் கொடுத்ததுதான் அதன் ரகசியம். அந்த உத்தியை ரஹீம் நம் வீரர்களுக்கும் பழக்கினார். பின்களத்திலும் ஆள் கூடியது. நாளடைவில் பின்னால் நான்கு, நடுவில் இரண்டு, முன்னால் நான்கு என்ற 4-2-4 முறைக்கு நம் அணி மாறியது. இதே முறையில் ஆடித்தான் 1958-இல் பிரேசில் உலகக் கோப்பையை வென்றது.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் வந்தது. அணியைத் தயார் செய்யும் பொறுப்பு மீண்டும் ரஹீமிடமே வந்து சேர்ந்தது. பத்து கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளரையே மறுபடியும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை! இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்றது. நெவில் டிசௌசா ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அப்படி அடித்த முதல் ஆசியர் அவர்தான். அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா! இந்த முறை முதல் கோல் நம்முடையது. முடிவில் 4-1 என்று தோற்றாலும், முன்பு பத்து கோல் அடித்தவர்களால் இப்போது நான்குதான் அடிக்க முடிந்தது. இந்தியாவுக்கு நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் நாம் தொட்ட உச்சம் அதுதான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியை 1-1 என்று சமன் செய்தோம். பலம் வாய்ந்த ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றோம்.

ஜகார்த்தாவில் ஒரு துணிச்சல்

1962-ஆம் ஆண்டு. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீமை அப்போது நுரையீரல் புற்றுநோய் வாட்டிக் கொண்டிருந்தது. ஆனாலும் அணியோடு போனார்.

தொடக்கமே சறுக்கல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால், அந்த ஆட்டத்தில் நம் பின்களத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்றார்கள்.

அரையிறுதி வந்தது. ரஹீம் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். தலையில் கட்டுப் போட்டிருந்த ஜர்னைல் சிங்கை அணியில் சேர்த்தார். ஆனால், பின்களத்தில் இல்லை, முன்களத்தில்! கோல் விழாமல் தடுப்பவரைக் கோல் அடிக்க அனுப்பிவிட்டு, அவர் விட்ட இடத்தை மற்றப் பின்கள வீரர்களை வைத்து நிரப்பினார். ஒருவர் இல்லாவிட்டாலும் அணியின் பின்களம் உடையாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு பயிற்சியாளர் இப்படிச் செய்ய முடியும். பத்து வருடப் பயிற்சி கொடுத்த நம்பிக்கை அது! தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம். ஜர்னைல் ஒரு கோல் அடித்தார், கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால், கூட்டம் நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வரவிடாமல் இந்தோனேசியா தடுத்ததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தைக் கூட்டம் நம் வீரர்கள் மேல் காட்டியது.

கோல்கீப்பர் இடத்திலும் ரஹீம் ஒரு முடிவு எடுத்தார். பீட்டர் தங்கராஜ் என்ற நெடிய வீரரை இறக்கினார். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர் தங்கராஜ். ஆரம்ப காலத்தில் முன்களத்தில் ஆடியவர், பிறகு கோல்கீப்பராக மாறியவர். உடல்நலம் சரியில்லாமல் இருந்த அவரை, உயரமாக வரும் பந்துகளைப் பிடிக்க அவரே பொருத்தம் என்று நிறுத்தினார்.

17-ஆவது நிமிடம். பி.கே. பானர்ஜி அடித்தார், கோல்! 20-ஆவது நிமிடம். ஜர்னைல் சிங் அடித்தார், கோல்! இந்தியா 2, தென் கொரியா 0. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொரியர்கள் முட்டி மோதினார்கள். 85-ஆவது நிமிடத்தில்தான் அவர்களால் ஒரு கோல் போட முடிந்தது. இன்னும் ஐந்து நிமிடம். ஒரு கோல் விழுந்தால் சமம். நம் பின்களம் அசையவில்லை. விசில் ஊதியது. தங்கம் நமக்கு!

ரஹீம் சாகிப்பின் கடைசிப் பெரிய வெற்றி அதுதான். ஒன்பது மாதம் கழித்து, 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி அவர் காலமானார். வயது 53.

அவருக்குப் பிறகு

ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பின் தங்கம் வெல்லவே இல்லை. 1970-இல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலம்தான் அடுத்த பதக்கம். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். எல்லா வித்தையும் ஒருவர் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் போகும்போது அந்த வித்தையும் போய்விடும் அல்லவா? பெரிய அணிகள் பயிற்சியாளருக்குத் துணையாக உதவிப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்வதில் இந்த நன்மையும் இருக்கிறது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம்.

ரஹீம் விதைத்தது முழுவதும் வீணாகிவிடவும் இல்லை. அவர் வார்த்த பி.கே. பானர்ஜியும் பின்கள வீரர் அருண் கோஷும் பின்னாளில் இந்திய அணிக்கே பயிற்சியாளர்கள் ஆனார்கள். ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த தமிழக வீரர் சைமன் சுந்தர்ராஜ், 1973-இல் கேரள அணியைப் பயிற்றுவித்து, அந்த மாநிலத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்தார். ரஹீமின் வாழ்க்கை 2024-இல் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படமாகவும் வந்தது.

என்ன குட்டீஸ், இனி அணி பிரிக்கும்போது பின்னால் நிற்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டீர்கள்தானே? நாளைக்கே ரஹீம் சாகிப்பின் போட்டி ஒன்றை நண்பர்களோடு ஆடிப் பாருங்கள். உங்களுக்கு வராத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு மாதம் விடாமல் ஆடினால், எந்தக் கால் வராத கால் என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்!