செய்து பார்த்துப் படிக்கச் சொன்னவர்!

நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணியிருக்கிறீர்களா? அப்படித் தாமே செய்து பார்க்கும் வாய்ப்பு, சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்களுக்கே அரிதாகத்தான் கிடைத்தது. ஆசிரியர் சோதனை செய்து காட்டுவார். மாணவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கருவியைத் தொடும் வேலையே இல்லை!

அமெரிக்காவில் இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் சார்லஸ் பிக்கரிங்.

1846 ஜூலை 19ல் பாஸ்டன் நகரில் பிறந்த இவர், ஹார்வர்டில் படித்து 1865ல் பட்டம் பெற்றார். 1867ல் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் இயற்பியல் ஆசிரியர் ஆனார். 1869ல் அங்கே மாணவர்களுக்கென இயற்பியல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது சுமார் 23தான்!

ஆனால், ஒரு சிக்கல். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சோதனையைச் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு கருவியிலும் பல வேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகும்! பிக்கரிங் என்ன செய்தார் தெரியுமா?

ஒரு மேசைக்கு ஒரு சோதனை என்று பிரித்தார். அதற்கான கருவிகள் எப்போதும் அந்த மேசையிலேயே இருக்கும். சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் ஒரு பக்கம் சோதனைகளின் பெயர் அட்டைகள். எதிரே மாணவர்களின் பெயர் அட்டைகள். உள்ளே வரும் மாணவர் பலகையைப் பார்த்து, தமக்குரிய மேசைக்குப் போவார். புத்தகத்தைப் படித்து, தாமே அளந்து, முடிவை ஆசிரியரிடம் காட்டுவார். வரைபடம் வரைய வேண்டியிருந்தால், கட்டம் போட்ட தாள் கிடைக்கும். பெயர் அட்டையை மாற்றினால் போதும். அடுத்த சோதனை தயார்! ஒவ்வொரு கருவியிலும் ஒன்றே இருந்தாலும், எல்லார் கைக்கும் அது வந்து சேர்ந்தது.

இந்தச் சோதனைகளை 1873லும் 1876லும் இரண்டு பாகங்களாகப் புத்தகமாக வெளியிட்டார்.

சாரா பிரான்சஸ் வைட்டிங் என்ற ஆசிரியை, பிக்கரிங்கின் வகுப்புகளுக்கு வந்து பாடம் நடத்தும் முறையைக் கற்றார். பின்னர் 1878ல், வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் அமைத்தார். அவரிடம் படித்தவர்தான் ஆனி ஜம்ப் கேனன்.

பிக்கரிங் 1877ல் ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநரானார். 1919 பிப்ரவரி 3ல் மறையும் வரை, 42 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1896ல் அங்கே பணிக்குச் சேர்ந்த கேனன், தம் வாழ்நாளில் சுமார் மூன்றரை லட்சம் விண்மீன்களை வகைப்படுத்திச் சாதனை படைத்தார். பிக்கரிங் ஊன்றிய விதையின் பலன், அவரிடமே திரும்பி வந்தது!

குழந்தைகளே, ஆய்வகத்தில் நண்பன் அளந்த எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் முறை வரும்வரை காத்திருந்து, கருவியை நீங்களே கையில் எடுங்கள். கண் பார்த்தது மறந்து போகலாம். கை செய்தது மறக்காது!