இரட்டைக் கிளச்சுக் கண்ட அடோல்ப் கேக்ரெஸ்

இந்நாளில் நம் வீதிகளில் ஓடும் மோட்டார் வண்டிகளுட் சிலவற்றிற் கிளச்சு மிதி என்பதே இல்லை. ஓட்டுவோரின் இடக்கால் வாளாவிருக்கக் கியர் தானே மாறுகின்றது. அவற்றுள்ளும் ஒரு சாரன, ஒரு கியரினின்று மற்றொரு கியருக்குச் செல்லுவது உள்ளிருப்போர்க்குப் புலனாகாதபடி செல்லும். அவற்றின் வயிற்றில் இரண்டு கிளச்சுகள் உள்ளன. இவ்வமைப்பைப் பந்தய வண்டிக்காரர் கண்டனரென்றும், ஜெர்மானியர் அண்மையிற் கண்டனரென்றும் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். அது பாதியே மெய். இவ்வெண்ணத்தை 1939ஆம் ஆண்டிலேயே வகுத்துப் பதிவு செய்தவர் அடோல்ப் கேக்ரெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். பனியிலும் மணலிலும் ஊர்ந்து செல்லும் வண்டிகளால் அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஆயின் இரட்டைக் கிளச்சோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வார் மிகச் சிலரே. எனவே அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையத் துணிந்தோம்.

கேக்ரெஸ் 1879ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் நாள், பிரான்சு தேசத்தின் கீழ்ப்பாகத்திலுள்ள எரிக்கூர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பேர்பெற்ற பெழோ குடும்பத்தாரின் தொழிற்சாலைகள் அவ்வட்டாரத்தில் இருந்தன. ஜெர்மனியிற் கார்ல் பென்சு என்பார் தம் மூன்று சக்கர வண்டிக்கு 1886ஆம் ஆண்டு உரிமை பெற்றபோது இவர்க்கு வயது ஆறு. மோட்டாரும் இவரும் ஒருங்கே வளர்ந்தனரென்று சொல்லலாம். இளமைப் பருவத்துச் செய்திகளை விரிப்பதாற் பயன் இன்று. யந்திரத் தொழிலிற் கைதேர்ந்த இவர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வேலை தேடி ருஷியா சென்றனர் என்பதே நாம் அறிய வேண்டுவது.

அக்காலை ருஷியாவை ஆண்டவர் இரண்டாம் நிக்கலாஸ் என்னும் ஜார் சக்கரவர்த்தி. குதிரை வண்டியிலேயே பழகிய அவ்வரசர், மோட்டாரின் சுவை கண்டபின் அதனை விட்டாரல்லர். பிரான்சு தேசத்தினின்று தெலோனே பெல்வில் முதலிய பெருவண்டிகள் தருவிக்கப்பட்டன. அரண்மனை மோட்டார்க் கொட்டாரம் ஒன்று எழுந்தது. அதன் யந்திரப் பொறுப்பு முழுதும் கேக்ரெஸின் கையில் வந்தது. சக்கரவர்த்திக்குச் சாரதியாகவும் அவரே அமர்ந்தார். உழைத்துண்ணும் குடியிற் பிறந்த ஓர் அயல்நாட்டு வாலிபர், எவரும் எளிதில் அணுகற்கரிய அவ்வேந்தரின் உயிரைத் தம் கைப்பிடியில் ஏந்தி நாடோறும் ஓட்டினார் என்பது வியக்கற்பாலதன்றோ!

அவ்வேலையில் ஓர் இடையூறு இருந்தது. ருஷியாவில் ஆண்டிற் பல திங்கள் நிலமெல்லாம் உறைபனி மூடிக் கிடக்கும். பனியிற் சக்கரம் புதையும்; புதைந்த சக்கரம் சுழலச் சுழல இன்னும் ஆழப் புதையும். கோடையிற் சக்கரவர்த்தியைச் சுமந்த வண்டிகள் குளிர்காலத்திற் கொட்டாரத்திற் கிடந்தன. சும்மா இருக்க மனமில்லாத கேக்ரெஸ் இதற்கு ஒரு வழி தேடலானார்.

இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்துச் சங்கிலிபோல் ஓட்டும் யந்திரங்கள் அதற்கு முன்னரே இருந்தன. அவை உழவு வேலைக்கு ஏற்றவை, கனமும் ஓசையும் மிக்கவை, விரைவு குன்றியவை. சக்கரவர்த்தியை அதில் ஏற்றிச் செல்லுதல் இயலாது. கேக்ரெஸ் செய்தது வேறு. வண்டியின் பின்சக்கரங்களை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் இருபுறமும், முனையற்ற நீண்ட வார் ஒன்று உருளைகளின்மேல் ஓடுமாறு அமைத்தார். அவ்வார் இரும்பாலாயதன்று, நெகிழ்ந்து வளையுந் தன்மையது. பிற்காலத்தில் அதனை ரப்பராற் செய்தனர். உருளைகள் மேடுபள்ளத்திற்கேற்ப ஏறியிறங்கும்; வாரும் நிலத்தோடு ஒட்டியே செல்லும். வண்டியின் பாரம் ஒரு சிறிய இடத்தில் அழுந்தாமல் வாரின் நீளமெங்கும் பரவுதலின் பனியிற் புதையாது. முன்சக்கரங்களுக்குச் சறுக்குக் கட்டைகளைப் பூட்டினார். இங்ஙனம் முன்னே சறுக்கும் பின்னே வாரும் கொண்ட வண்டி, வெண்பனிப் பரப்பில் நல்ல விரைவோடு சென்றது. பெருஞ் செல்வர் வண்டிகளாகிய பாக்கார்டு, ரோல்ஸ் ராய்ஸ் முதலியனவும் இக்கோலம் பூண்டன.

1917ஆம் ஆண்டில் ருஷியப் புரட்சி மூண்டது. சக்கரவர்த்தி முடி துறந்தார். அடுத்த ஆண்டு சூலையில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். கேக்ரெஸ் பின்லாந்து வழியாகத் தப்பித் தாய்நாடு சேர்ந்தார். அவர் கண்ட வார் மட்டும் ருஷியாவிலேயே தங்கிற்று. பெத்ரோகிராது நகரத்துப் புத்திலோவ் தொழிற்சாலையார், ஆஸ்டின் என்னும் கவச வண்டிகளுக்கு அவ்வாரைப் பூட்டிப் புதிய அரசின் படைக்கு அளித்தனர். லெனின் ஏறிய ரோல்ஸ் ராய்ஸ் வண்டி ஒன்றும் அவ்வாறே பின்னால் வாரும் முன்னாற் சறுக்குக் கட்டையும் பூட்டப்பெற்றது. மாஸ்கோவுக்கு அண்மையில் லெனின் இறந்த கோர்க்கி என்னுமிடத்துக் காட்சிச்சாலையில் அவ்வண்டி வைக்கப்பட்டுள்ளது. ஜாருக்கென்று செய்த கருவி, ஜார் ஆட்சியை வேரோடு களைந்தவரையும் சுமந்தது. கருவிக்கு எசமான் யாரென்ற எண்ணம் இல்லை.

பிரான்சுக்கு மீண்ட கேக்ரெஸின் கையிற் பொருள் இல்லை. அறிவு மட்டும் இருந்தது. நற்பேறாக, ஆந்திரே சித்ரோயென் என்னும் பெருந்தொழிலதிபரின் நட்புக் கிடைத்தது. போர்க்காலத்தில் வெடிகுண்டு செய்து, போர் முடிந்ததும் மலிவான மோட்டார்களை ஆயிரக்கணக்கிற் செய்யத் தொடங்கிய சித்ரோயென், விளம்பரத்தில் இணையற்றவர். பாரிஸ் நகரத்து ஐபல் கோபுரத்திலேயே தம் பெயரை மின்விளக்கால் எழுதுவித்தவர். பனியில் ஓடும் வண்டி மணலிலும் ஓடுமன்றோ என்று அவர் எண்ணினார். ஐந்து வண்டிகள் ஆயத்தமாயின. ஹார்ட் என்பவர் தலைமையிற் பத்துப்பேர், 1922 டிசம்பர் 17ஆம் நாள் அல்ஜீரியாவிலுள்ள துக்கூர்ட் என்னுமூரினின்று புறப்பட்டு, 1923 ஜனவரி 7ஆம் நாள் திம்புக்து நகரை அடைந்தனர். சகாராப் பாலைவனத்தை மோட்டார் வண்டி கடந்தது அதுவே முதன்முறை. ஒட்டகக் கூட்டங்கள் திங்கட் கணக்கிற் கடக்கும் வழியை மூன்று வாரத்திற் கடந்தனர்.

அதன்பின் 1924 அக்டோபரில் எட்டு வண்டிகள் ஆப்பிரிக்காக் கண்டத்தை வடக்கினின்று தெற்காகக் கடக்கப் புறப்பட்டு, 1925 ஜூனில் மடகாஸ்கர் தீவை எட்டின. 1931இல் மூன்றாவதும் மிகக் கடியதுமான யாத்திரை தொடங்கிற்று. ஒரு கூட்டத்தார் பெய்ரூத்தினின்று கிழக்கு நோக்கியும், மற்றொரு கூட்டத்தார் சீனத்துத் தியென்சினினின்று மேற்கு நோக்கியும் புறப்பட்டனர். முதற் கூட்டத்தார் காசுமீரத்து ஸ்ரீநகரிலிருந்து இமயமலை வழியே கில்கித்துக்கு இரண்டு வண்டிகளைக் கொண்டு சென்றனர். பாதை இடிந்துபோன இடங்களில் அவற்றைக் கழற்றிக் கூலியாட்களின் தோளில் ஏற்றிச் சென்று மறுபடி பூட்டினர். கில்கித்துக்கு அப்பால் வண்டியை விட்டுக் குதிரை ஏறினர். சீனக் கூட்டத்திலே நிலநூல் அறிஞராகச் சென்றவர் தெயார் த ஷார்தேன் என்னும் இயேசு சபைக் குரவர். இரு கூட்டத்தாரும் கூடி 1932 பிப்ரவரியிற் பீக்கிங் சேர்ந்தனர். தலைவர் ஹார்ட் அடுத்த மாதமே ஹாங்காங்கிற் சளிச்சுரத்தால் மாண்டார். இம்மூன்று யாத்திரைகளிலும் புகழ் சென்றவர்க்கும் சித்ரோயெனுக்குமே பெரிதும் சென்றது. வண்டியை ஓடவைத்த கேக்ரெஸின் பெயர் வண்டியின் பெயரோடு ஒட்டி நின்றதே போதுமென்று அவர் இருந்தனர் போலும்.

இனி, இரட்டைக் கிளச்சின் கதைக்கு வருவோம். 1934ஆம் ஆண்டிற் சித்ரோயென், முன்சக்கரங்களால் இழுக்கப்படும் புதுவகை வண்டி ஒன்றை வெளியிட்டார். அதற்குக் கிளச்சு மிதியில்லாத தானியங்கி ஏற்பாட்டைப் பூட்ட வேண்டுமென்பது அவர் பேராவல். சென்சோ த லவோ என்பவர் செய்த கருவியை நம்பினார். அது சோதனையிற் சூடேறித் தோற்றது. வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டமையாற் பழைய முறையில் மூன்று கியர்ப் பெட்டி ஒன்றை அவசர அவசரமாகச் செய்து பூட்டினர். இவ்வண்டிக்கெனச் செய்த பெருஞ்செலவால் அவ்வாண்டிறுதியில் நிறுவனம் முறிந்து, கடன்காரராகிய மிஷெலேன் கம்பெனியார் கைக்கு மாறிற்று. சித்ரோயென் 1935 ஜூலையில் இறந்தார். ஆதரித்தவரை இழந்த கேக்ரெஸ் தனித்து நின்று உழைக்கலானார். அவர் அடுத்து எடுத்துக்கொண்டது, தம் நண்பரைக் கைவிட்ட அந்தக் கேள்வியையேயாம்.

கேள்வி யாதெனிற் கூறுதும். யந்திரத்தையும் சக்கரத்தையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளச்சு. கியர் மாற்றும்போது ஓட்டுவோர் கிளச்சை மிதித்து இணைப்பைப் பிரிக்கின்றார். பல்லை மாற்றியபின் காலை எடுத்து மறுபடி இணைக்கின்றார். அந்த ஒரு கணம் சக்கரத்திற்கு ஆற்றல் செல்லுவதில்லை. நல்ல சாலையில் அதனாற் கேடில்லை. ஆழ்ந்த பனியிலோ மணலிலோ, அந்தக் கணத்திலேயே வண்டி தளர்ந்து நின்றுவிடும். பனியில் ஆண்டுக்கணக்காக வண்டி ஓட்டியவர்க்கன்றி இக்கணத்தின் கொடுமை பிறர்க்கு நன்கு தோன்றாது. கேக்ரெஸின் எண்ணம் அங்கே முளைத்திருக்கும் என்பது எம் கருத்து, அவ்வளவே.

அவர் கண்ட வழி இது. ஒரு கிளச்சுக்கு மாறாக இரண்டு வைப்பது. ஒன்று, மூன்று முதலிய ஒற்றைக் கியர்களை ஒரு கிளச்சும், இரண்டு, நான்கு முதலிய இரட்டைக் கியர்களை மற்றொரு கிளச்சும் ஆளும். வண்டி முதற் கியரில் ஓடும்போதே இரண்டாங் கியர் தன் பற்களைப் பொருத்திக்கொண்டு ஆயத்தமாயிருக்கும். மாற்ற வேண்டிய நேரத்தில் முதற் கிளச்சு நழுவ, அதே நேரத்தில் இரண்டாங் கிளச்சுப் பற்றும். ஆற்றல் ஒரு கையினின்று மறுகைக்கு மாறுமேயன்றி அறுவதில்லை. இதனை அவர் சித்ரோயெனின் அம்முன்னிழுப்பு வண்டியிலேயே அமைக்கக் கருதினார். செய்துமுடிக்கப் பொருளில்லை, காலமும் இடந்தரவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

1940இற் பிரான்சு வீழ்ந்தது. கேக்ரெஸ் செய்துவைத்திருந்த சிறு வார் வண்டி ஒன்று, செய்ன் ஆற்றங்கரைப் பக்கத்தில் ஜெர்மானியர் கையிற் சிக்கிற்று. அதனை மாதிரியாகக் கொண்டு பிரேமன் நகரத்துப் போர்க்வார்டு கம்பெனியார் கோலியாத் என்னும் கருவியைச் செய்தனர். அஃது ஆளில்லாமல் கம்பி வழியாக ஓட்டப்பெற்று, வயிற்றில் வெடிமருந்தோடு பகைவரண்டை சென்று வெடிப்பது. மறுபுறம், அமெரிக்கப் படையார் தாம் முன்னரே விலைக்கு வாங்கி ஆராய்ந்த கேக்ரெஸ் வண்டியினின்று அரைவார்க் கவச வண்டிகளை வளர்த்துப் பல்லாயிரமாகச் செய்து அதே போரில் இறக்கினர். இருதிறத்தாரும் ஒருவர் அறிவையே எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் அழித்தனர். அவ்வறிவுக்குரியவரோ, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில், பாரிசுக்கு அணித்தான குருவாசி என்னுமூரில், 1943 பிப்ரவரி 9ஆம் நாள் தம் அறுபத்துமூன்றாம் வயதிற் காலமானார்.

இரட்டைக் கிளச்சு நெடுங்காலம் உறங்கிற்று. இரு கிளச்சுகளையும் ஒரே கணத்தில் ஒன்றை விடுத்து ஒன்றைப் பற்றச் செய்யும் நுட்பம், மின்னணுக் கருவிகள் வருமுன் எளிதிற் கைகூடுவதன்று. 1980ஆம் ஆண்டுகளிற் போர்ஷ, ஆடி ஆகிய ஜெர்மன் கம்பெனியார் தம் பந்தய வண்டிகளில் இதனைச் சோதித்தனர். 2003ஆம் ஆண்டிற் போக்ஸ்வாகன் கம்பெனியார் கோல்ப் என்னும் வண்டியில் ஆறு கியரோடு இதனைப் பூட்டிப் பொதுமக்களுக்கு விற்றனர். கேக்ரெஸ் மறைந்து அப்பொழுது அறுபதாண்டுகள் ஆகியிருந்தன. அக்கருவியில் இரண்டு கிளச்சுகளும் எண்ணெயில் மூழ்கி நின்றன. 2008இல் எண்ணெயில் மூழ்காத உலர்கிளச்சு கொண்ட ஏழு கியர்ப் பெட்டியும் வந்தது.

இவ்வண்டியை ஓட்டுவோர்க்குச் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு. கிளச்சு மிதி இல்லையாயினும் கிளச்சு உள்ளே இருக்கின்றது. ஏற்றமான பாலத்தில் வண்டி நிற்கும்போது, பிரேக்கை மிதிக்காமல் விசைமிதியைச் சிறிதே அழுத்திப் பின்னோக்கி உருளாதபடி தாங்கி நிற்பர் சிலர். அப்போது கிளச்சு முழுதும் பற்றாமல் தேய்ந்து சூடேறுகின்றது. நெரிசலில் அடியடியாக ஊர்ந்து செல்லும்போதும் அவ்வாறே. எண்ணெயில் மூழ்கியது இச்சூட்டை ஓரளவு தாங்கும். உலர்ந்தது அவ்வளவு தாங்காது. முன்வண்டி சற்று விலகும்வரை பிரேக்கை மிதித்து நின்று, இடம் கிடைத்தபின் ஒருசேரச் செலுத்தினால், கிளச்சு முழுதும் பற்றிக்கொள்ளும், சூடும் தணியும்.