ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 – டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக மறைந்த உயிரியல் அறிஞர் ஆவார். ரொனால்ட் ஃபிஷர், சீவால் ரைட் ஆகியோருடன் மக்கள்தொகை மரபியலின் நிறுவனர் மூவருள் ஒருவராகக் கருதப்படுகிறார். உயர் அழுத்தத்தில் வளிமங்கள் மனித உடலில் ஏற்படுத்தும் விளைவுகளைத் தம் உடலிலேயே சோதித்தறிந்ததால் முக்குளிப்பு வரலாற்றிலும் இடம் பெறுகிறார்.

இளமை

ஹால்டேன் ஆக்சுபோர்டில் பிறந்தார். இவருடைய தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். ஆழ்நீரில் மூச்சுவிடும்போது நைட்ரசன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு, அழுத்தக்குறைவு நோயை உண்டாக்குகிறது. இதைத் தவிர்க்கப் படிப்படியாக மேலேறும் முறையையும் அதற்கான அட்டவணையையும் தந்தை 1908 இல் வெளியிட்டார். அதற்காக 1906 இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் நடந்த சோதனைகளின்போது, 13 வயதுச் சிறுவனான ஹால்டேனும் முக்குளிப்பு உடையணிந்து கடலில் இறங்கினார்.

ஆக்சுபோர்டில் கணிதமும் செவ்வியல் மொழிகளும் பயின்ற இவர், முதல் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றினார். பின்னர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பணிபுரிந்தார். 1932 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

அழுத்த அறை ஆய்வுகள்

1939 சூன் 1 அன்று லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தின்போது மூழ்கி, 99 பேர் உயிரிழந்தனர். இறந்தோருள் பலர் கப்பல் கட்டும் தொழிலாளர்கள். தொழிற்சங்கங்களின் வேண்டுகோளின்படி ஹால்டேன் இவ்விபத்தை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படைக்காக அவ்வாய்வுகளைத் தொடர்ந்தார்.

சிறிய எஃகு அறையில் அடைபட்டு, அழுத்தத்தை 10 வளிமண்டல அளவு வரை உயர்த்தி, இவரும் தன்னார்வலர்களும் வெவ்வேறு வளிமங்களைச் சுவாசித்தனர். அதிக அழுத்தத்தில் நைட்ரசன் மது மயக்கத்தைப் போன்ற நிலையை உண்டாக்குவதையும், தூய ஆக்சிசன் வலிப்பை உண்டாக்குவதையும் நேரில் கண்டனர். அத்தகைய வலிப்பு ஒன்றில் ஹால்டேனின் முதுகெலும்பு காயமுற்றது. கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்ட் போர்க்காலத்தில் நடத்திய விரிவான ஆய்வுகள், ஆக்சிசனைத் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் மட்டுமன்றி, ஒருவருக்கே நாளுக்கு நாளும் மாறுவதைக் காட்டின.

நைட்ராக்ஸ் முக்குளிப்பில் இதன் பொருத்தம்

நைட்ராக்ஸ் என்பது ஆக்சிசன் கூட்டப்பட்ட காற்று. சாதாரணக் காற்றில் ஆக்சிசன் ஏறத்தாழ 21%. நைட்ராக்ஸில் பெரும்பாலும் 32% அல்லது 36%. 1985 இல் அமெரிக்காவின் டிக் ருட்கோவ்ஸ்கி இதைப் பொழுதுபோக்கு முக்குளிப்போருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் பெரிய பயிற்சி அமைப்புகள் ஏற்றுக்கொண்டன. ஹால்டேன் நைட்ராக்ஸைக் கண்டுபிடித்தவர் அல்லர். எனினும் அதன் நன்மை தந்தை ஆராய்ந்த நைட்ரசனையும், அதன் ஆபத்து மகன் ஆராய்ந்த ஆக்சிசனையும் சார்ந்தது.

18 மீட்டர் ஆழத்தில் 32% கலவையைச் சுவாசிப்பவரின் உடலில் சேரும் நைட்ரசன், காற்றுடன் 14 மீட்டரில் இருப்பவருக்குச் சேரும் அளவே. பரவலாகப் பயன்படும் அட்டவணைகளில், இடைநிறுத்தமின்றி மேலேறக்கூடிய நேரம் இவ்வாழத்தில் ஏறத்தாழ 55 நிமிடத்திலிருந்து 90 நிமிடத்துக்கு மேல் உயர்கிறது. எனினும் பலருக்கு அதற்கு முன்பே உருளையிலுள்ள வளிமம் தீர்ந்துவிடும். எனவே ஒரு நாளில் ஒருமுறை மட்டும், அதுவும் ஆழமற்ற நீரில் இறங்குவோருக்குப் பயன் குறைவு. 15 முதல் 30 மீட்டர் வரை நாள்தோறும் பலமுறை இறங்குவோருக்கே இது பெரிதும் பயன் தருகிறது.

ஆக்சிசனின் பகுதி அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான விதி. 32% கலவையில் இவ்வெல்லை 33 மீட்டரிலேயே எட்டப்படுகிறது. காற்றில் 56 மீட்டரில்தான். ஆழ்நீரில் வலிப்பு வந்தால் வாயிலுள்ள குழல் நழுவி, மூழ்கி இறக்க நேரிடும். ஆகவே ஒவ்வோர் உருளையின் கலவையையும் முக்குளிப்பவர் தாமே அளந்து பார்ப்பது கட்டாயம். ஆழத்து மயக்கத்தை நைட்ராக்ஸ் குறைக்கும் என்பதற்கும், களைப்பைப் போக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

இந்தியாவில்

1957 இல் ஹால்டேன் தம் மனைவி எலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1961 இல் அங்கிருந்து விலகி, பின்னர் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். கொல்கத்தாவில் இவருடன் ஆய்வு செய்தோருள் டி. ஏ. டேவிஸ் ஒருவர். தென்னை மரங்களின் ஓலைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதை ஆராய்ந்த டேவிஸ், பிற்காலத்தில் கன்னியாகுமரி மாவட்டம் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரிலான ஆய்வு மையத்தில் தம் பணியைத் தொடர்ந்தார்.

மறைவு

ஹால்டேன் புற்றுநோயால் புவனேசுவரத்தில் காலமானார். வாழ்நாளெல்லாம் ஆய்வுக்கு உட்பட்ட அவருடைய உடல், அவரது விருப்பப்படி காக்கிநாடா ரங்கராய மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.