கல்பனாவும் ரோபோ கையும்

விண்வெளியை ஆராய ஏற்றவர் யார்? மனிதரா, ரோபோவா? தீர்ப்புச் சொல்வதற்கு முன் கல்பனா சாவ்லாவின் கதையைக் கேளுங்கள்.

ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்தவர் கல்பனா. சிறு வயதிலேயே விமானங்கள் மீது அவருக்குக் கொள்ளை ஆசை. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் படித்து, 1982-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, 1988-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நாசாவில் பணியில் சேர்ந்தார். 1994-ல் விண்வெளி வீராங்கனையாகத் தேர்வானார்.

1997 நவம்பர் 19-ல் கொலம்பியா விண்கலத்தில் பறந்தார். இந்தியாவில் பிறந்த பெண் ஒருவர் விண்வெளிக்குச் சென்றது அதுவே முதல் முறை. அந்த விண்கலத்தில் சுமார் 15 மீட்டர் நீளமுள்ள ரோபோ கை ஒன்று இருந்தது. அதை இயக்குவது கல்பனாவின் வேலை.

சூரியனை ஆராயும் ஸ்பார்டன் என்ற செயற்கைக்கோளை அந்தக் கையால் வெளியே விட்டார். அது சரியாக இயங்கவில்லை. திரும்பப் பிடிக்க முயன்றபோது சுழலத் தொடங்கிவிட்டது. அதன் எடை ஒரு டன்னுக்கும் அதிகம்! ரோபோ கையால் முடியாததை, சில நாள் கழித்து இரண்டு வீரர்கள் செய்து முடித்தனர். வின்ஸ்டன் ஸ்காட்டும் டகாவோ டோயும் விண்கலத்துக்கு வெளியே சென்று, அது அருகில் வரும்வரை காத்திருந்து, தங்கள் கைகளாலேயே பிடித்தனர்.

பழி கல்பனா மீது விழுந்தது. ஆனால் விசாரணையில், கணினி மென்பொருளிலும் வேலை முறைகளிலும்தான் குறை என்று தெரிந்தது. கல்பனா மனம் தளராமல் உழைத்தார். மறுபடியும் வாய்ப்பு வந்தது.

2003 ஜனவரி 16-ல் ஆறு பேருடன் கொலம்பியாவில் மீண்டும் புறப்பட்டார். 16 நாட்களில் சுமார் 80 ஆய்வுகள் நடந்தன. ஆனால், புறப்பட்டபோதே எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையைத் தாக்கியிருந்தது. பிப்ரவரி 1-ல் பூமிக்குத் திரும்பியபோது, அந்த ஓட்டை வழியே கடும் வெப்பம் புகுந்தது. தரையிறங்க 16 நிமிடங்களே இருந்தபோது விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தனர். ரோபோ உடைந்தால் இன்னொன்று செய்யலாம். போன உயிரை யார் தருவார்?

நான்கு நாள் கழித்து, இந்தியாவின் மெட்சாட் என்ற வானிலைச் செயற்கைக்கோளுக்கு 'கல்பனா-1' என்று பெயர் சூட்டப்பட்டது. ஆளில்லாமல், 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது மேகங்களைப் படம் பிடித்தது. 2008 நவம்பர் 27-ல் நம் காரைக்கால் அருகே கரையைக் கடந்த 'நிஷா' புயலையும் அது படம் எடுத்தது. நம் மீனவர்களுக்கான புயல் எச்சரிக்கைக்கு இப்படிப்பட்ட படங்கள்தான் உதவுகின்றன. இந்த வேலைக்கு மனிதர் மேலே போக வேண்டியதில்லை.

இப்போது தீர்ப்புக்கு வருவோமா? ஆபத்தான இடத்துக்கு முதலில் ரோபோ போகட்டும். இஸ்ரோவும் ககன்யான் திட்டத்தில் மனிதருக்கு முன்னால் அனுப்புவதற்காகவே 'வியோமித்ரா' என்ற ரோபோவை 2020-ல் அறிமுகம் செய்தது. எதிர்பாராத சிக்கல் வந்தால், யோசித்துச் செயல்பட மனிதர் வேண்டும். ரோபோவை உருவாக்கவும், அதன் தவறைத் திருத்தவும் படித்தவர் வேண்டும். அந்த இடத்துக்கு நீங்களும் வரலாம், குழந்தைகளே!