மணலை நேசித்த மனிதர்

கோல்ஃப் என்றதும் பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப்போவது ஒரு நெசவாளியின் மகனைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் வேலை விஷயமாக ஸ்காட்லாந்து போயிருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் நாலு நாள் லீவில் கடலோர மைதானங்களில் கோல்ஃப் ஆடக் கிளம்பினார்கள். மட்டையைப் பிடிக்கவே தெரியாத என்னையும் பை தூக்க இழுத்துக்கொண்டு போனார்கள். அடித்த காற்றில் பந்தோடு என் தொப்பியும் பறந்தது! செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உலகப் புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸில் ஆட்டமே இல்லை. ஊர் ஜனங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு காலாற நடந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று விசாரித்தபோதுதான் ஓல்டு டாம் மோரிஸ் என்ற பெயர் காதில் விழுந்தது.

அவர் பிறந்தது 1821-ல், அதே ஊரில். பதினான்கு வயதில் ஆலன் ராபர்ட்சன் என்ற பெரிய ஆட்டக்காரரிடம் பந்து செய்யும் தொழில் கற்கச் சேர்ந்தார். அன்றைய பந்து, தோல் உறைக்குள் பறவை இறகைத் திணித்துத் தைத்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு செய்தாலே பெரிசு. விலையும் அதிகம். 1848 வாக்கில் மலாயா பக்கத்து மரப்பாலில் செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. மலிவு, உறுதி. நம் பிழைப்பே போய்விடும் என்று ராபர்ட்சன் பதறினார். டாம் ஒருநாள் அந்தப் புதுப் பந்தை ஆடியதைப் பார்த்ததும் இருவருக்கும் முறிந்துபோனது. வேலை போனது. பின்னாளில் ராபர்ட்சனே புதுப் பந்துக்கு மாறினார் என்பது வேறு கதை.

1851-ல் டாம் மேற்குக் கரையில் உள்ள ப்ரெஸ்ட்விக் ஊருக்கு மைதானக் காவலராகப் போனார். அங்கே 12 குழிகள் கொண்ட மைதானத்தை அமைத்தார். 1860-ல் அந்த மைதானத்தில்தான் முதல் ஓப்பன் போட்டி நடந்தது. எட்டே பேர் ஆடினார்கள். டாமுக்கு இரண்டாம் இடம். அடுத்து 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை வென்றார். கடைசி வெற்றியின்போது வயது 46. அந்தப் போட்டியை இத்தனை வயதில் வென்றவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

ஆனால் என்னைக் கவர்ந்தது கோப்பை இல்லை, மண். சிவில் படித்தவன் ஆயிற்றே! கடலுக்கும் வயலுக்கும் நடுவே உள்ள மணல்மேட்டு நிலத்தை அங்கே லிங்க்ஸ் என்கிறார்கள். உழவுக்கு உதவாது, ஆடு மேயும். எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். நாம் லேபில் பார்த்த பெர்மியபிலிட்டி பாடம்தான், வேறொன்றுமில்லை. 1864-ல் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் சொந்த ஊருக்கே காவலராகத் திரும்பிய டாம், முட்புதரை வெட்டி வழியை அகலமாக்கினார். முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் புதுப் புல்தரை அமைத்தார். புல்லின் மேல் மணல் தூவித் தூவி அதைச் செழிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மண்ணுக்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. முக்கியப் போட்டி நடக்கும் நாட்கள் தவிர, அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது.

மற்ற ஊர்க்காரர்களும் கூப்பிட்டார்கள். மக்ரிஹானிஷ், டோர்னாக், மியூர்ஃபீல்டு, அயர்லாந்தில் நியூகாஸில், லஹின்ச் என்று போய் நிலத்தைச் சுற்றி நடந்து, குச்சி நட்டுக் குழிகளைக் குறித்துக் கொடுத்தார். கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு என்பார்கள். புல்டோசர் இல்லாத காலம். மேடும் பள்ளமும் இருந்தபடியே இருக்க, அதற்கேற்ப ஆட்டத்தை வளைத்தார். இன்று காற்றோடு மல்லுக்கட்ட விடுமுறைக்குப் போகிறவர்கள் தேடி ஓடுவது இந்த மைதானங்களைத்தான்.

வீட்டில் மட்டும் விதி வேறு மாதிரி எழுதியது. மகன் டாமி அப்பனை மிஞ்சியவன். 17 வயதில் ஓப்பனை வென்றான். அப்பா இரண்டாம் இடம்! மொத்தம் நான்கு முறை வென்றான். 1875 செப்டம்பரில் இருவரும் நார்த் பெர்விக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது, பிரசவத்தில் டாமியின் மனைவிக்கு ஆபத்து என்று தந்தி வந்தது. படகேறி வீடு சேர்வதற்குள் தாயும் சேயும் போய்விட்டார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று டாமியும் போனான். வயது 24. அடுத்த ஆண்டு டாமின் மனைவி. பின்னர் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக. அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, 1903 வரை அந்த மனிதர் மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1908-ல், 86 வயதில், மாடிப்படியில் விழுந்து இறந்தார். பழைய தேவாலயத்தின் கல்லறையில் மகனுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

அங்கே நின்றபோது எனக்கு நம் கல்லூரி மைதானம் ஞாபகம் வந்தது. நாம் எழுந்திருக்கும் முன்பே தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பாரே ஒருவர், அவர் பெயரை நாலு வருஷத்தில் ஒருநாளாவது கேட்டோமா? ஜெயித்தவர்கள் பெயர்தான் பலகையில் இருக்கிறது. இந்தச் சந்திப்புக்கு வரும்போது முதல் வேலையாக அவர் பெயரை விசாரிக்கப்போகிறேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.