‘பக்கி’ என்று கேலி செய்யப்பட்ட மாணவர்
குவீன் ராக் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி, இந்தியப் பார்சி குடும்பத்துப் பிள்ளை. இயற்பெயர் ஃபாரூக் பல்சாரா. 1946இல் சான்சிபாரில் பிறந்தவர், மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் விடுதியில் தங்கிப் படித்தார். துருத்திய பற்களால் சக மாணவர்கள் அவரைப் ‘பக்கி’ என்றழைத்தனர். 12 வயதில் பள்ளி இசைக்குழுவில் பியானோ வாசித்தார்.

1964இல் சான்சிபார் புரட்சியால் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1970இல் குவீன் பிறந்தது. பிரையன் மே தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டாரை ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார். எக்கோ கருவி திருப்பித் தரும் தன் ஒலியோடு இணைந்து வாசிக்க, ஒரே கிட்டார் பலவாக ஒலிக்கும். அதற்கு ஈடுகொடுத்தது மெர்குரியின் குரல்.

பணம் வந்தபின்னும் அவர் பற்களைத் திருத்தவில்லை. குரல் மாறிவிடும் என அஞ்சினார். எய்ட்ஸ் நோயால் 1991 நவம்பர் 24இல், 45 வயதில் மறைந்தார்.