கழற்றிப் பார்த்துக் கற்ற மேதை

ஆலயங்களுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற நம் காஞ்சியில் இன்று மாணவர் கூடும் இடமெல்லாம் கார்ப் பேச்சே! அம்பாசடர் எஞ்சின் 1489 சி.சி. என்பான் ஒருவன். பத்மினி 1089 சி.சி., அதன் மூலம் இத்தாலியின் பியட் 1100 என்பான் மற்றொருவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து புதுக் கார்களைச் சுமந்துவரும் நீண்ட லாரியைக் கண்டால் மாடல் பெயர்களை மந்திரம்போல் ஒப்பிப்போம். நானும் அக்கூட்டத்தில் ஒருவனே. ஆயினும் எண்ணை அறிவது வேறு, எஞ்சினை அறிவது வேறு என எனக்கு உணர்த்தியது கோவை ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை வரலாறு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 23-3-1893 அன்று பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார்; கண்டது முதல் அதே நினைவு. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார். நெசவாளர் மகனான எனக்கு அவர் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பாவில் எந்த இழை அறுந்தது என்பதை என் தந்தையார் ஏட்டைப் பார்த்தா அறிகிறார்? விரல் அறியும்.

1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அதுவே யு.எம்.எஸ். எனும் பெரும் நிறுவனமாய் வளர்ந்து, 1933இல் 280 பேருந்துகளைக் கொண்டிருந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். மண்ணெண்ணெய் மின்விசிறி, சவர பிளேடு, வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும், இங்கு இடமில்லை.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி எழ அவரே காரணர். அதன் முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்காண்டு வீண், பட்டறையில் கைபழகினால் இரண்டே போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். அவர் சொன்னது முழுவதும் சரியென்று நான் கூறமாட்டேன், கணிதத்திற்கும் காலம் வேண்டுமல்லவா? ஆனால் எஞ்சின் படத்தை மட்டுமே வரைந்து மதிப்பெண் பெறும் நமக்கு அவ்வாதம் சுடத்தான் செய்கிறது. அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. அவிநாசி சாலையில் அது தொடங்கிய இடத்தை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர்.

1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்! அரசு உரிமம் வழங்க மறுத்தது, உற்பத்தி நின்றது. நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரிய நாட்டு நிறுவனம் கார் உற்பத்தி தொடங்கியதை எண்ணும்போது என் மனம் ஆறவில்லை. உரிமம் அன்று கிடைத்திருந்தால் நாம் ஒப்பிக்கும் மாடல்களில் தமிழன் செய்த கார் ஒன்றும் இருந்திருக்கும்.

4-1-1974 அன்று நாயுடு மறைந்தார். அவர் குடும்பத்தார் சேர்த்த பழைய கார்கள் 2015 முதல் கோவையில் அருங்காட்சியகமாகக் காட்சி தருகின்றன.